குப்பைக் கூண்டை வைத்து முடிவான என் மகளின் பள்ளி

அனுப்புநர்
குராமோச்சி மித்சுயே,
சமையலர், நகரப் பள்ளி உணவுக் கூடம்,
நகாசாக்கா இரண்டாம் பகுதி,
யுகிசாவா நகரம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
நகரக் கல்வி வாரியம்,
யுகிசாவா.

பொருள்: பள்ளிகள் இணைப்பு – நகாசாக்கா தொடக்கப் பள்ளி மூடல் – சேர்க்கை எல்லை குடியிருப்போர் சங்கங்களின்படி பிரிக்கப்பட்டமை – என் மகள் இதோஹா கவாஷிமோ பள்ளியில் சேர அனுமதி மறுக்கப்பட்டமை – மறுபரிசீலனை கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. சேர்க்கை எல்லை பற்றிய தங்கள் அறிவிப்பு. 2. என் விண்ணப்பத்தை ஏற்க இயலாது எனத் தங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நகரத்துப் பள்ளிகளுக்கு மதிய உணவு சமைக்கும் கூடத்தில் சூப் அண்டா என் பொறுப்பு. நகாசாக்கா பள்ளிக்குப் போகும் பாத்திரம் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆகவே பள்ளியை மூடாதீர்கள் என்று கேட்க இந்த மனுவை எழுதவில்லை. அங்கே இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியை பாதிப் பலகையில் அவர்களுக்கும் மீதிப் பலகையில் இவர்களுக்கும் எழுதிப் போடுகிறார். எத்தனை நாள்தான் அப்படி ஓட்ட முடியும்? மனசு கேட்கவில்லை என்றாலும் மூட வேண்டியதுதான்.

2. வரும் ஏப்ரலில் நகாசாக்கா பிள்ளைகள் கிழக்குப் பள்ளிக்கும் கவாஷிமோ பள்ளிக்குமாகப் பிரிந்து போகிறார்கள். யார் எங்கே போவது என்பதைத் தெருவை வைத்தோ தூரத்தை வைத்தோ பிரிக்காமல், குடியிருப்போர் சங்கத்தை வைத்துப் பிரித்திருப்பதாகத் தங்கள் அறிவிப்பு சொல்கிறது. கீழ்க்கரைச் சங்கத்தின் பிள்ளைகள் கவாஷிமோவுக்கு. மேட்டுத்தெருச் சங்கத்தின் பிள்ளைகள் கிழக்குக்கு. காலையில் கூட்டாக நடந்து பள்ளிக்குப் போகும் குழு, கோயில் திருவிழா, நிலநடுக்க ஒத்திகை எல்லாம் சங்கவாரியாக நடப்பதால் பிள்ளைகளைச் சங்கத்தோடு சேர்த்தே அனுப்புவது நல்லது என்று காரணமும் கொடுத்திருக்கிறீர்கள். பொதுவாகப் பார்த்தால் நல்ல காரணம்தான். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் அது இடறி விழுந்துவிட்டது.

3. எங்கள் வீடு சரிவின் நடுவில் இருக்கிறது. கோடு போட்டபோது அந்தச் சரிவில் மேட்டுத்தெருச் சங்கத்தில் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். எங்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள் எல்லோரும் கீழ்க்கரைச் சங்கத்தார். நாங்களும் ஒரு காலத்தில் அவர்களோடு இருந்தவர்கள்தான். ஏன் மாறினோம் என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இந்த மனு விளங்காது. குப்பைக்காக மாறினோம்.

4. கீழ்க்கரையின் குப்பைக் கூண்டு சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது. இதோஹா வயிற்றில் இருந்த குளிர்காலத்தில் சரிவு முழுக்கப் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. என் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுபவர், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். ஒரு வெள்ளிக்கிழமை காலை குப்பைப் பையும் கையுமாக நான் சறுக்கி உட்கார்ந்ததை மேட்டுத்தெருச் சங்கத் தலைவர் ஹதாகேயாமா ஐயா பார்த்துவிட்டார். ஓடி வந்து தூக்கிவிட்டு, "இந்த வயித்த வச்சுக்கிட்டு அங்க எறங்காதம்மா. மேல இருக்குற எங்க கூண்டுல போட்டுட்டுப் போ, யாரு கேக்கப் போறா?" என்றார். கேட்கத்தான் கேட்டார்கள். எந்தக் கூண்டில் குப்பை போடுகிறோமோ அந்தச் சங்கத்தில் சேர்ந்து, முறை வரும்போது கூண்டைக் கழுவி, காக்கை கிளறாமல் மூடும் வலையை மடித்து வைக்க வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே முறைப்படி மேட்டுத்தெருச் சங்கத்தில் சேர்ந்தோம். கீழ்க்கரைத் தலைவர் இஷிகாக்கி ஐயாவிடம் போய்த் தலைகுனிந்து சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "குப்பை மட்டுந்தானம்மா போவுது, நீங்க எங்க போறீங்க?" என்றார். அவ்வளவுதான் விஷயம் என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம்.

5. இனி இதோஹாவைப் பற்றி. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக்கு வெளியே அவள் பேசுவதில்லை. பிடிவாதமும் இல்லை, மந்தமும் இல்லை. வீட்டுக்குள் வாய் மூடாது. ஊருக்கே சூப் காய்ச்சும் என்னைப் பார்த்து, வீட்டுச் சூப்பில் உப்புக் கம்மி என்று தினமும் சொல்லுவாள். வாசலைத் தாண்டினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. மருத்துவர் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், அவசரப்படுத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஆசிரியையிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

6. வீட்டுக்கு வெளியே அவள் பேசும் ஆள் ஒருத்தி இருக்கிறாள். பக்கத்து வீட்டு ஓனோதேரா குடும்பத்தின் மகள் ரிஹோ. அதே வகுப்பு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தாண்டிவிடக் கூடிய ஒரு வடிகால்தான் இருக்கிறது. நகாசாக்கா சின்னப் பள்ளி என்பதால் சரிவில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும், சங்கம் பார்க்காமல், ஒரே நடைக்குழுவாகப் போட்டிருந்தார்கள். முதல் வகுப்பில் ஒருநாள் காற்றில் இதோஹாவின் மஞ்சள் தொப்பி பறந்து வடிகாலில் விழ, முன்னால் போன ரிஹோவின் பையைப் பிடித்து இழுத்து "தொப்பி" என்றாளாம். அதுதான் ஆரம்பம். இப்போது ரிஹோவின் காதில் சொல்லுவாள், ரிஹோ ஆசிரியையிடம் சொல்லுவாள். சொல்லும்போது தன் பங்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வாள். "டீச்சர், இதோஹாவுக்கு இன்னொரு கிண்ணம் கறிச்சோறு வேணுமாம், துணைக்கு நானும் சாப்பிடணுமாம்" என்று அவள் சொன்னதை ஆசிரியை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் மகள் ஒரு கிண்ணத்தையே முடிக்காதவள்.

7. கடந்த கோடையில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் தங்கள் அலுவலகம் விளக்கக் கூட்டம் நடத்தியது. திரையில் வரைபடம் போட்டார்கள். புதிய எல்லைக்கோடு சரிவில் இறங்கி, எங்கள் வீட்டை மட்டும் வளைத்துக்கொண்டு மேலே ஏறியது. வடிகாலின் அந்தப் பக்கம் ரிஹோ, இந்தப் பக்கம் இதோஹா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓனோதேராவின் மனைவி என் கையைக் கிள்ளினாள். கேள்வி உண்டா என்று கேட்டபோது அத்தனை பேரும் குனிந்து காலில் போட்டிருந்த செருப்பைப் பார்த்தார்கள், நானும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் என் வீட்டுக் கதையை எடுத்துப் போடுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. மறுநாள் அலுவலகத்தில் போய்த் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். கூட்டக் குறிப்பில் "மறுப்பு ஏதும் இல்லை" என்று இருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் வருத்தம்.

8. மறுநாள் வந்தேன். தங்கள் அலுவலகத்து இளைஞர் என்னை உட்கார வைத்து மிக மரியாதையாகப் பேசினார், அவர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. பள்ளியை மாற்றிக் கேட்க என்னென்ன காரணங்கள் செல்லும் என்று விளக்கினார். அண்ணனோ அக்காவோ அங்கே படிப்பது, வீடு மாறப் போவது, நோய், சக பிள்ளைகளின் கொடுமை. தோழி என்பது அதில் இல்லை. நோய் என்ற காரணத்தைப் பிடித்துக்கொண்டு மருத்துவரின் சான்றிதழை வாங்கிக் கொடுத்தேன். கிடைத்த பதில் பார்வை 2-ல் உள்ளது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தனி உதவி வகுப்பு கிழக்குப் பள்ளியில்தான் இருக்கிறதாம், ஆகவே சான்றிதழின்படி பார்த்தாலும் கிழக்கே அவளுக்கு ஏற்றதாம். போதாததற்குக் கவாஷிமோவில் மூன்றாம் வகுப்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டதாம். வழி திறக்கும் என்று நான் வாங்கிப் போன காகிதமே கதவைச் சாத்திவிட்டது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று அன்றைக்கு அண்டாவின் முன்னால் நின்று அழுதேன்.

9. அந்தக் கடிதத்தோடு மறுபடி அலுவலகம் போய்க் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது அந்த இளைஞர் வருத்தத்தோடு, "நீங்க கீழ்க்கரைச் சங்கத்துல இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதும்மா" என்றார். சரி, சங்கத்தைத் திரும்ப மாற்றுவோம் என்று இஷிகாக்கி ஐயாவிடம் போனேன். எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஆனால் மேட்டுத்தெருக்காரர்கள் சம்மதித்துச் சொன்னால்தான் முறையாக இருக்கும் என்றார். ஹதாகேயாமா ஐயாவிடம் போனேன். அன்று என்னைத் தூக்கிவிட்ட மனிதர் முகம் வாடிப்போய்விட்டது. "எங்க கூண்டுல என்னம்மா கொறை கண்டே? வலை கிழிஞ்சிருந்தாச் சொல்லியிருக்கலாமே" என்றார். வலையில் ஒரு குறையும் இல்லை, பிள்ளைக்காகத்தான் என்று எத்தனை சொல்லியும் அவர் மனசு ஆறவில்லை. அரிசி அப்பளப் பெட்டியோடு இன்னொரு முறை போய்த் தலைகுனிந்த பிறகு முத்திரை வைத்துக் கொடுத்தார். இப்போது தெருவில் எதிர்ப்பட்டால் வானிலையைப் பற்றி மட்டும் பேசுகிறார். அந்த மனிதருக்கு நான் கொடுத்த கைம்மாறு இது.

10. இரண்டு தலைவர்களின் முத்திரையோடு அந்தக் காகிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தேன். சென்ற ஏப்ரல் முதல் தேதியில் எந்தச் சங்கத்தில் இருந்தோமோ அதுவே கணக்கு, கோடு போட்ட பிறகு மாறியவர்களை எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. ஒரு வீட்டுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஊரே குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் என்பது எனக்கும் புரிகிறது. தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன் போலிருக்கிறது. ஆனால் நான் தங்கள் இடத்தில் இல்லை, அவளுடைய அம்மாவாக இருக்கிறேன்.

11. இவ்வளவும் இதோஹாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஓர் இரவு என் கணவரிடம் நான் தொலைபேசியில் பேசியதைக் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை காலணியை மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அம்மா, இனிமே நம்ம குப்பைய கீழயே போடலாம். நானே தூக்கிட்டுப் போறேன். எனக்கு வழுக்காது." அன்றிலிருந்து குப்பை எடுக்கும் நாள் தவறாமல் அவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்குகிறாள். பனியில் பக்கவாட்டாகக் காலை வைத்து, ரிஹோ வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு போகிறாள். கீழே இஷிகாக்கி ஐயா வலையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கிறார். இவள் பையை உள்ளே வைத்துவிட்டுத் தலைகுனிந்து வணங்கிவிட்டு வருகிறாள். கெடு முடிந்துவிட்டது, இனி கூண்டை நிரப்பினாலும் பள்ளி மாறாது என்று அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. இஷிகாக்கி ஐயாவுக்கும் வரவில்லை.

12. இதை மட்டும் சொல்ல வேண்டுமானால் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். ஊரோடு ஒத்துப்போகலாம் என்று என் கணவரும் சொன்னார். எழுத வைத்தது சென்ற மாதம் நடந்த அறிமுக நாள். நகாசாக்கா பிள்ளைகள் அவரவர் சேரப் போகும் பள்ளியில் அரைநாள் இருந்து வந்தார்கள். காலையில் கிழக்குப் பள்ளி வகுப்பில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளைகள் "இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். இதோஹாவின் பெயர் வந்தது. ஆசிரியர் நல்லவர். அவளைப் பற்றித் தெரிந்துவைத்திருக்கிறார், அதனால்தான் அவளை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. "மெதுவா சொல்லும்மா, நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாராம். வகுப்பு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டு அன்பாகக் காத்திருந்ததாம். அவள் எழுந்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று உடன் போன பிள்ளைகளுக்கே சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஆசிரியரே வந்து உட்கார வைத்திருக்கிறார்.

13. அன்று மாலை அவள் என் வீட்டுக்குள்ளும் பேசவில்லை. சூப்பைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. வெளியில் இருந்த மௌனம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. நாலாம் நாள் வடிகாலைத் தாண்டி ரிஹோ வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ படம் வரைந்துகொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து "இந்தப் பூனைக்கு வாலே இல்ல" என்று என் மகளின் குரல் கேட்டது. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன். ஏப்ரல் முதல் தினமும் ஒரு பெயர் அழைப்பு இருக்கும், ஐயா. நான் பயப்படுவது அதற்குத்தான்.

14. ஓனோதேராவின் மனைவி தங்கமானவள். அவளாகவே வந்து, "அக்கா, நாங்க மேட்டுத்தெருச் சங்கத்துக்கு மாறிக்கிறோம், ரிஹோவையும் கெழக்குக்கே கேட்டுப் பாக்குறோம்" என்றாள். வேண்டாம் என்றேன். கவாஷிமோ பள்ளியில் வாத்தியக் குழு இருக்கிறது, அதில் எக்காளம் ஊதப் போவதாக ரிஹோ போன வருடத்திலிருந்தே சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளுக்கும் எட்டு வயதுதான். என் மகளுக்கு அவள் வாய் வேண்டும் என்பதற்காக அந்த வாயிலிருந்து எக்காளத்தைப் பிடுங்க எனக்கு உரிமை கிடையாது. இரண்டு வருடமாக அவள் சுமந்ததே ஒரு பிள்ளைக்கு அதிகம். ஆகவே தங்களிடம் நான் கேட்பது என் பிள்ளை இடம் மாறுவதைப் பற்றி மட்டுமே.

15. மேற்கண்ட நிலையைக் கருணையோடு பரிசீலித்து, இதோஹாவைக் கவாஷிமோ பள்ளியின் மூன்றாம் வகுப்பில் விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்ள அனுமதி வழங்குமாறு தங்களைப் பணிந்து வேண்டுகிறேன். இது முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம் இருந்தால், இந்த விதிவிலக்கை நான் யாரிடமும் எடுத்துச் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் தயார். ஒரு வருடத்துக்கு மட்டும் என்று நிபந்தனை வைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அதற்குள் மேட்டுத்தெருப் பிள்ளைகளில் அவளுக்கு இன்னொரு தோழி அமைந்தால் அவளே கிழக்குக்கு நடந்து போவாள்.

16. அதுவும் முடியாது என்பதுதான் முடிவானால், தங்கள் அலுவலகத்தோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. விதி ஒருவருக்காக வளையாது என்பதை ஏற்றுக்கொண்டு, ஏப்ரல் காலையில் அவள் கையைப் பிடித்து மேட்டுத்தெருப் பிள்ளைகளோடு நானே கொண்டுபோய் விடுவேன். அப்போது தாங்கள் எனக்காக ஒன்று மட்டும் செய்ய வேண்டும். இதற்குச் சட்டமோ வரைபடமோ தேவையில்லை, கிழக்குப் பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். வகுப்பில் என் மகளின் பெயரைக் கூப்பிட்ட பிறகு அவளுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்று அந்த ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெயரைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்தால் வந்திருக்கிறாள் என்று குறித்துக்கொண்டு, அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.

நாள்: பிப்ரவரி 12
இடம்: யுகிசாவா

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
குராமோச்சி மித்சுயே
(முத்திரை)